சரி போட்ட டயர்கள்

நான்கு டயர்களும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், உரப்பையால் மூடப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கை கழுவப் போனாலும் தெரியும். துணி காயப்போடப் போனாலும் தெரியும். காற்று உரப்பையின் ஓரத்தைத் தூக்கும்போது உள்ளே கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு விளிம்பு எட்டிப் பார்க்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் ஒரு மனிதனுக்கு டயரைக் கண்டு பயம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் மனைவி பெண்களுக்குக் கார் ஓடப் பழக்குகிறவள். மட்டக்களப்பு நகரத்துக்குள்ளோ கல்லடிப் பக்கமோ, சிவப்பு எழுத்துப் பலகை கட்டிக்கொண்டு, முப்பதைத் தாண்டாமல் ஊர்ந்து போகும் வெள்ளைக் கார் ஒன்றின் பின்னால் நின்று நீங்கள் ஹோன் அடித்திருந்தால், அது பெரும்பாலும் எங்கள் காராகத்தான் இருக்கும். பயிற்சிக் கார் என்பதால் அதன் இடப்பக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கிறது. பழக வருகிற ஆசிரியையோ தாதியோ வலப்பக்கம் இருந்து ஓட, என் மனைவி இடப்பக்கம் இருந்து, அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, பன்னிரண்டு வருடமாக இந்த நகரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வலது செருப்புத்தான் எப்போதும் முதலில் தேயும்.

நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்கிறேன். மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் ஓடுவதில்லை. எதிரே வருகிற பஸ், என் கண்ணுக்கு, எப்போதும் என்னை நோக்கித்தான் வரும்.

எல்லாம் டயர் கடை நானாவால் வந்தது. காத்தான்குடியில் கடை வைத்திருக்கிறவர். வளைகுடாவில் ஒரு கார்ப் பந்தயத் திடலில் பல வருடம் டயர் மாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். எங்களைவிட மூத்தவர், அதனால் நாங்கள் இருவருமே அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காருக்குக் காற்று அடித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னாராம்:

"தங்கச்சி, படுவான்கரையில ஒரு றோட்டுச் சும்மா கிடக்கு. ஒருக்கா வந்து ஓடிப் பாருங்களன்."

வாவியின் மேற்குக் கரையை, சூரியன் படுகிற பக்கம் என்பதால், படுவான்கரை என்கிறோம். அங்கே தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று யாரோ பற்றை வெட்டி, சுற்றிவர நல்ல தார் றோட்டுப் போட்டு, விளக்குக் கம்பங்களும் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொழிற்சாலை வரவில்லை. மாடுகள் வந்தன. வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் ஆறு வளைவுகளோடு அந்த றோட்டு வெயிலில் கிடந்தது. நானாவும் அவரைப் போலக் கார்ப் பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேரும் காணிக்காரரிடம் பேசி, பல மாதம் கழித்து வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கார். ஆளுக்கு ஐந்து சுற்று. எதிரே பஸ்ஸும் குறுக்கே கோழியும் வராத றோட்டில் தன் கார் எவ்வளவு போகும், தான் எவ்வளவு போவேன் என்று பார்ப்பது. அதை அவர்கள் ட்ராக் டே என்றார்கள்.

அன்று பின்னேரம் இறால் உரித்துக்கொண்டே அவள் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கென்ன விசரா?"

"பன்ரெண்டு வருஷமா மற்றவங்களுக்குப் பிரேக் அடிச்சே என்ட கால் மரத்துப் போச்சு. ஒருக்கா எனக்காக ஓடிப் பாக்கப் போறன்."

இறால் தலைகளை வழித்து எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சரி, போகட்டும், புது டயர் வாங்கிப் போட்டுக்கொண்டு போவாள், கவனமாக இருப்பாள் என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன். அவள் செய்தது அதற்கு நேர் எதிர். பயிற்சிக் காரிலிருந்து கழற்றுகிற தேய்ந்த டயர்களை, கடையில் விட்டுவிட்டு வராமல், வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள்.

"இது என்னத்துக்கு?"

"ட்ராக்குக்கு."

"மொட்டை டயரா? காருல நல்ல டயர் கிடக்கே, அதுலயே ஓடன்."

"நல்லது ஆகாது."

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். வாசலுக்குப் போய், முற்றம் கூட்டுகிற இரண்டு ஈர்க்குக்கட்டைக் கொண்டுவந்தாள். ஒன்று கடையிலிருந்து வந்த புதுசு, நீட்டு ஈர்க்கு. மற்றது கூட்டிக் கூட்டிக் கட்டையாகிப்போன பழசு. புதியதை நிலத்தில் அழுத்தினாள். ஈர்க்குகள் ஒரு பக்கமாக வளைந்து சாய்ந்தன. பழையதை அழுத்தினாள். அது நிலத்தைப் பிறாண்டியது.

"இஞ்ச பாருங்க. புது டயர்ல வெட்டு ஆழம். வெட்டுக்கு நடுவுல நிக்கிற றப்பரெல்லாம் உயரம். வளைவுல கெதியாத் திருப்பினா அதெல்லாம் அங்கயும் இஞ்சயும் ஆடும். ஆடினாச் சூடாகும். சூடானாப் பிஞ்சு கொட்டும். தேஞ்சதுல ஆடுறதுக்கு ஒண்டும் இல்ல. றோட்டப் பிடிச்சுக்கிட்டே போகும்."

"அப்ப பொலிஸ் மொட்டை டயரெண்டு பிடிக்கிறானே, அது சும்மாவா?"

"அது மழை றோட்டுக்கு. தண்ணியத் தள்ளத்தான் வெட்டு. காஞ்ச றோட்டுல தள்ளுறதுக்கு என்ன கிடக்கு?"

சொல்லிவிட்டு இரண்டு ஈர்க்குக்கட்டையும் என் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது முழுவதும் விளங்கியது. அதில் ஒரு சொல்லையும் என் நெஞ்சு ஏற்கவில்லை.

எல்லாத் தேய்ந்த டயரும் ஆகாதாம். வெட்டின் அடியில் சின்னதாக ஒரு குறுக்குத் திட்டு இருக்கும். தேய்வு அதற்குக் கிட்ட வந்திருக்க வேண்டும், அதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆகாது. டயரின் பக்கத்தில் அது செய்யப்பட்ட கிழமையும் வருடமும் நான்கு எண்களாகப் பதிந்திருக்கும். அதைத் தேடிப் பார்த்தாள். பிறகு பெருவிரல் நகத்தால், மாம்பழம் பார்ப்பதுபோல, அழுத்தினாள். இறுகிப்போன றப்பர் என்றால் நகம் பதியாது. பழக வருகிறவர்கள் நடைபாதைக் கல்லில் உரசி உரசிப் பாதி டயர்கள் இந்தப் பரீட்சையில் தோற்றன. நான்கு தேறுவதற்குப் பல மாதம் ஆனது. அவற்றைத் தனிச் சில்லுகளில் மாட்டி, முன்னுக்குப் போவதில் 'மு' என்றும் பின்னுக்குப் போவதில் 'பி' என்றும் வெண்கட்டியால் எழுதினாள்.

நானா ஒருநாள் வீட்டுக்கு வந்து அவற்றைப் பார்த்தார். குனிந்து, உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் முழுச் சுற்றும் தடவினார், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல. வெட்டுக்குள் ஒரு சின்ன அளவுகோலை விட்டுப் பார்த்தார். பிறகு என் மனைவியிடமிருந்து வெண்கட்டியை வாங்கி, ஆசிரியர் கொப்பியில் போடுவதுபோல, ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் பெரிதாக ஒரு சரி போட்டார்.

"நாலும் நல்லா இரிக்கி தங்கச்சி. அண்டைக்கு நான் மறுகா பாக்கத் தேவல்ல. சரி போட்டாச்சு."

கேற்றடியில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். "றோட்டுல தண்ணி நிண்டா மட்டும் விட்டுருங்க சேர். தண்ணியில இது சவர்க்காரம், வழுக்கிரும்."

அவர் போய்விட்டார். அந்தச் சவர்க்காரம் என்னோடு தங்கிவிட்டது.

மாரி தொடங்கியது. வாவி ஏறியது. எங்கள் வீடு அமிர்தகழியில். அங்கிருந்து வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குச் சைக்கிளில் போய்விடலாம். அங்கே கடல் மணலை ஒதுக்கி வாயை அடைத்து வைத்திருந்தது. உள்ளே தண்ணீர் நாளுக்கு நாள் பொங்கியது. படுவான்கரை வயல் வட்டைகளில் நெல் வேளாண்மை தண்ணீரில் தாழத் தொடங்கிவிட்டது, மணலை வெட்டிவிடுங்கள் என்று வேளாண்மைக்காரர் கேட்டார்கள். இப்போது வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று தோணிக்காரர் சொன்னார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லாமல், எனக்கென்று ஒரு தனிக் காரணத்தோடு, ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்த மணல் மேட்டில் நின்றேன்.

ஏனென்றால் அந்த றோட்டின் நான்காவது வளைவு வாவியை ஒட்டியது. வாவி ஏறினால் அங்கே றோட்டின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும் என்று நானாவே சொல்லியிருந்தார். காணிக்காரர் தந்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும். அதை விட்டால் அடுத்த வருடம்தான். தண்ணீர் நின்றால் ஓடமாட்டேன் என்று அவள் சொன்னாள். நான் நம்பவில்லை. பல மாதம் டயர் சேர்த்த ஒருத்தி, ஒரு விரற்கடைத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி வருவாளா? நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் மாற்றும்போதும் எனக்கு அந்த வளைவுதான் தெரிந்தது. கார் வருகிறது, தண்ணீர் மினுங்குகிறது, முன்சில்லு இரண்டும் மிதக்கின்றன. அவள் திருப்புகிறாள், கார் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனபிறகு, பாடசாலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, 'மு' எழுதிய இரண்டு டயர்களையும் ஓட்டோவில் ஏற்றினேன். காத்தான்குடிப் பக்கம் போகவில்லை. அதற்கு நேர் எதிர்ப் பக்கம், லொறிகளுக்கு டயர் பார்க்கிற ஒரு றோட்டோரக் கடைக்குப் போனேன். தேய்ந்துபோன லொறி டயர்களில் சூடாக்கிய கத்தியால் புதிதாக வெட்டுப் போட்டு இன்னும் கொஞ்சக் காலம் ஓடவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். போகிற வருகிற வழியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தண்ணீரைத் தள்ள வெட்டு வேண்டும் என்று அவளே சொன்னாளே. வெட்டு இல்லையென்றால் போட்டுக் கொடுக்கலாம்தானே. அவ்வளவு எளிதாகத் தோன்றியது.

கடைக்காரர் டயரை உருட்டிப் பார்த்தார். "இது கார் டயரெல்லே அண்ண."

"ஓம்."

"காருக்கு நாங்க வெட்டுறல்ல. லொறி டயர்ல இறைச்சி கிடக்கு, வெட்டலாம். இது தோலும் எலும்பும்."

"இருக்கிற வெட்டையே கொஞ்சம் ஆழமாக்கித் தந்தாக் காணும். எங்கட வீட்டுப் பொம்புள ஓடுற கார்."

அவர் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "பொம்புள ஓடுறதெண்டா மெல்லமாத்தானே போகும்," என்று கத்தியை அடுப்பில் வைத்தார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

கத்தி போகப் போக றப்பர் சுருள் சுருளாக, கறுத்த இடியப்பம் போல, நிலத்தில் விழுந்தது. புகை மணத்தது. ஒரு சுருளைக் கையில் எடுத்தேன். இளஞ்சூடாக இருந்தது. பல கிழமைக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து முற்றத்து மண்ணை அள்ளிப் புதிய வெட்டுகளுக்குள் தேய்த்தேன், பளபளப்புத் தெரியாமல் இருக்க. நானா போட்ட சரி அழிந்துவிடாமல் கவனமாகத் துடைத்தேன். அடுக்கின் அடியில் இரண்டையும் வைத்து உரப்பையால் மூடினேன். மூடிய பிறகு உரப்பையின் சுருக்கத்தைக்கூட இழுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முகத்துவாரத்தை வெட்டினார்கள். பெக்கோ மெசின் மணலைக் கிண்டி ஒரு கால்வாய் போல இழுத்துவிட, முதலில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் போனது. பிறகு மணல் இரு பக்கமும் சரிந்து சரிந்து, வாவி முழுவதும் ஒரு கபில நிறக் குதிரைபோலக் கடலுக்குள் பாய்ந்தது. தோணிக்காரர் ஒருவர் தலையில் கைவைத்து நின்றார். நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடமே, அந்த வெட்டுக்கு இனித் தேவையில்லையே என்று நினைவு வந்தது. தேவையில்லாவிட்டால் என்ன, கெடுதல் இல்லைத்தானே என்று சொல்லிக்கொண்டேன். அன்றும் மறுநாளும் மழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். காரில் நல்ல டயர்கள், பின்னால் அந்த நான்கு. மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வாவி கீழே இறங்கிப்போய்க் கரையில் சேறு மினுங்கியது. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். நான் இடப்பக்கம். என் கால் வழக்கம்போல இரண்டாவது பிரேக்குக்குக் கிட்டப் போவதும், அவள் ஓரக்கண்ணால் பார்ப்பதும், நான் இழுத்துக்கொள்வதுமாகப் போனோம்.

மாட்டுச் சாணியைக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். நான்காவது வளைவில் தண்ணீர் நின்ற இடத்தில் காய்ந்த பாசி ஒரு கோடாகக் கிடந்தது, அவ்வளவுதான். நானா எல்லோரையும் கூட்டி விதிகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், உதவி செய்கிற சாக்கில், முன்சில்லு இரண்டையும் நானே மாற்றினேன். அவள் வந்து நட்டுகளைத் திருகிப் பார்த்தாள், காற்று அளந்தாள். சரி போட்ட பக்கத்தை லேசாகத் தட்டினாள்.

"பறவாயில்லையே. புத்தகம் அடுக்குற கை நட்டும் பூட்டுது."

மற்றக் கார்களின் டயர்களை நானா அன்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கள் காருக்கு வந்தபோது தன் வெண்கட்டிச் சரியைப் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார்.

எங்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஏறினாள். அவள் முறை வந்தது.

கார் புறப்பட்ட சத்தம் எனக்குத் தெரியாத ஒரு காரின் சத்தமாக இருந்தது. இந்த வெள்ளைக் காருக்குள் இவ்வளவு குரல் இருந்ததா? முதல் சுற்று முடித்து அவள் எங்களைத் தாண்டியபோது, ஹெல்மெட்டுக்குள் பல் மட்டும் தெரிந்தது. சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடமாகப் பார்க்கவில்லை என்று யோசிப்பதற்குள் போய்விட்டாள்.

நானா கையில் போனை வைத்து நேரம் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். "என்ன சோக்கா எடுக்குறா பாருங்க சேர். பழக்குற ஆக்கள் இப்பிடி ஓட மாட்டாங்க."

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது. "நானா, தண்ணி நிண்டிருந்தா என்ன செய்திருப்பீங்க? டயர்ல வெட்டுப் போடலாந்தானே, லொறிக்குப் போடுற மாதிரி."

அவர் சத்தமாகச் சிரித்தார். "கார் டயர்லயா? யா அல்லாஹ். அங்க ஒருத்தன் அப்பிடித்தான் கொண்டு வந்தான், அடிச்சுத் துரத்தாத குறை. லொறி டயர் வெட்டுறதுக்கெண்டே தடிப்பாச் செய்யிறது. இதுல அடியில இரிக்கிற கம்பி வலைக்கும் வெளி றப்பருக்கும் இடையில ஒரு தோல்தான். அதையும் வெட்டினா? ஊர் றோட்டுல மெல்லமாப் போனா ஒண்டும் தெரியா. இஞ்ச சூடாகும். சூடான உடனே உரிஞ்சு வந்துரும். முன்சில்லெண்டா முடிஞ்சிது."

"முடிஞ்சிது எண்டா?"

"ஸ்டியரிங் கையில நிக்கா சேர்."

அப்போது அவள் இரண்டாவது சுற்றில் இருந்தாள்.

இனி எழுதப் போவதைத்தான் நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில், காரை நிறுத்தக் காட்டுகிற சிவப்புத் துணியோடு ஒருவர் நின்றார். நான் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், எல்லோரும் அவளைப் பற்றி நல்லதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னால், மனைவியின் டயரைக் களவாகக் கொண்டுபோய் வெட்டிய மனுசன் என்று என்னைப் பார்ப்பார்கள். நானாவின் சரியை வைத்து ஏமாற்றியவன். இன்னும் மூன்று சுற்றுத்தானே. ஒன்றும் நடக்காமலும் போகலாமே. அவள் எங்களைத் தாண்டினாள். என் கை தானாக உயர்ந்தது. நிறுத்து என்றுதான் உயர்ந்தது. அவள் கைகாட்டுகிறேன் என்று நினைத்து ஹோன் அடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது சுற்று. காதால் வளைவுகளை எண்ணினேன். ஒன்று, சத்தம் இறங்கி ஏறியது. இரண்டு, டயர் கீச்சிட்டது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் பற்றை மறைத்தது, அங்கே சத்தமும் குறைந்தது. ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. ஏன் எழும்பியது? நாலு. ஐந்து.  ஆறாவது வளைவில் வெள்ளை தெரிந்தது. வந்தாள், தாண்டினாள். முன் இடப்பக்கச் சில்லிலிருந்து பட்பட்டென்று ஒரு சின்னச் சத்தம், யாரோ விரல் சொடுக்குவதுபோல. எனக்கு மட்டும்தான் கேட்டதா?

"நானா, நிப்பாட்டுங்க."

"ஏன் சேர்?"

"முன் ரெண்டு டயரும் வெட்டினது. நான்தான் கொண்டுபோய் வெட்டின."

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கதிரை விழுந்தது. சிவப்புத் துணிக்காரரை அவள் ஏற்கெனவே தாண்டியிருந்தாள். நான்காவது வளைவில் நின்றவருக்குப் போன் எடுத்துக்கொண்டே ஓடினார். "சிவப்பக் காட்டு! சிவப்பக் காட்டுடா!" பற்றைக்கு அந்தப் பக்கம் சத்தம் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் இல்லை என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது, சேற்று மணத்தோடு. பிறகு ஆறாவது வளைவைச் சுற்றி, பழக வருகிற ஆசிரியை ஓடுவதுபோல, முப்பதில், கார் வந்தது.

நானா குனிந்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். இடப்பக்க டயரில், வெட்டின் ஓரமாக, ஒரு விரல் நீளத்துக்கு றப்பர் கிளம்பி நின்றது. அதற்குள் கம்பி, மீன்முள் போல, மினுங்கியது. "சேர் கொண்டுபோய் வெட்டினதாம் தங்கச்சி," என்றார். தன் பெருவிரலில் எச்சில் தொட்டு, டயரின் பக்கத்தில் தான் போட்ட சரியை அழித்தார். வலப்பக்கம் போய் அதையும் அழித்தார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எப்ப வெட்டின நீங்க?"

"செவ்வாய்க்கிழம."

"என்னத்துக்கு?"

"தண்ணி... அந்த வளைவுல..."

"தண்ணி வெள்ளிக்கிழமையே கடலுக்குப் போயிட்டே."

அவள் குனிந்து அந்தக் கம்பியை விரலால் தொட்டாள்.

"இது பிழையெண்டு எப்ப தெரிஞ்சது?"

"இப்பத்தான். நானா சொன்ன உடனே சொல்லிட்டன்."

நானா சில்லுச் சாவியோடு பக்கத்தில்தான் நின்றார். எப்போது சொன்னார் என்று அவருக்குத் தெரியும். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து நட்டைக் கழற்றத் தொடங்கினார்.

நல்ல டயர்களை மாட்டி முடிந்ததும் அவர் மெல்லமாகக் கேட்டார். "மிச்சச் சுத்துக் கிடக்கு தங்கச்சி. இதுல கொஞ்சம் ஆறுதலா ஓடிப் பாப்பமா?"

"வேணா நானா. இண்டைக்குப் போதும்." அவள் கன்வஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவள் பாடவில்லை. கோபமும் காட்டவில்லை. வண்டில் ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டாள், மாட்டுக்குப் பொறுத்து நின்றாள். மண்முனைப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். 

"ரெண்டாவது சுத்துலயே தெரிஞ்சிட்டு," என்றேன். "நீ மூணாவது சுத்து முடிச்சு வருமட்டும் நான் பேசாம நிண்டன். வெக்கமா இருந்தது."

பாலம் முடியும்வரை அவள் அதே வேகத்தில் ஓடினாள். முடிந்ததும் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தினாள். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

இங்கேயே விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். போனாலும் நியாயம் என்றும் நினைத்தேன். அவள் சாவியை என் கையில் வைத்தாள்.

"நீங்க ஓடுங்க."

"நான் ஓடி எத்தின வருஷம் தெரியுமா?"

"தெரியும். ஏறுங்க."

வலப்பக்கம் ஏறினேன். அவள் இடப்பக்கம் இருந்தாள், பன்னிரண்டு வருடமாக இருக்கிற இடத்தில், இரண்டாவது பிரேக்குக்கு முன்னால்.

"சீற்ற முன்னுக்கு எடுங்க. கண்ணாடியச் சரி பண்ணுங்க. பெல்ட்டு. இப்ப மெல்லமாக் கிளச்ச விடுங்க." பழக வருகிறவர்களிடம் பேசுகிற குரல். தணிந்த, பொறுமையான குரல். பலர் அதைப் பற்றி என்னிடம் புகழ்ந்து சொல்லியிருக்கிறார்கள். என் பக்கம் திரும்பி அது இதுவரை பேசியதில்லை. அவள் திட்டியிருந்தால் நான் இவ்வளவு வியர்த்திருக்கமாட்டேன்.

ஆரையம்பதி தாண்டியது. காத்தான்குடி வந்தது. றோட்டின் நடுவில் ஈச்சமரங்கள், இரண்டு பக்கமும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சைக்கிளில் பாய் கட்டிக்கொண்டு போகிறவர், தொழுகை முடிந்து இறங்குகிற சனம். ஒவ்வொரு நெரிசலிலும் அவள் கால் மிதிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். சில இடத்தில் கார் நான் நினைத்ததைவிட முன்னமே மெதுவானதுபோல இருந்தது. என் காலா, அவள் காலா? கீழே பார்க்கப் போனேன்.

"கீழ பாக்காதீங்க. றோட்டப் பாருங்க."

மூன்று பேர் ஏறிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஈச்சமரத்துக்குப் பின்னாலிருந்து குறுக்கே விழுந்தது. அடித்தேன். முழுக்காலையும் ஊன்றி அடித்தேன். கார் குலுங்கி, நின்று, எஞ்சின் ஓய்ந்தது. மோட்டார் சைக்கிளின் பின் சில்லுக்கும் எங்கள் காருக்கும் இடையில் ஒரு சாண். பின்னால் இருந்தவர் திரும்பி, "என்ன மச்சான், லைசன்ஸ் லொத்தர்ல விழுந்ததா?" என்று கத்திவிட்டுப் போனார்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவளுடைய செருப்பு இரண்டும் அந்தப் பிரேக்கின் பக்கத்தில் தனியாகக் கிடந்தன. அவள் கால்கள் இரண்டையும் இருக்கையின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு இருந்தாள். கை இரண்டும் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. 

"எப்ப கால எடுத்த நீ?"

"ஏறின உடனே." அவள் கண்ணை றோட்டிலிருந்து எடுக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க. பின்னுக்கு ஆக்கள் நிக்குறாங்க."

கல்லடிப் பாலம் தாண்டி, நகரம் தாண்டி, வீட்டுக் கேற்று வரை நான் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோன் அடித்தார்கள்.